மூன்றாம் பாகம் எங்கே?



பணி ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போவது என் வழக்கம். என்னைப் பார்த்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அந்த வாரம் படித்த கதைப் புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், மதிப்பெண் எல்லாம் கிடையாது!

ஒரு நாள், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'புதையல் தீவு' நாவலைப் பற்றிச் சொன்னாள். கப்பலில் ஆப்பிள் பீப்பாய்க்குள் இறங்கிய சிறுவன் ஜிம்மின் காதில் வெளியே யாரோ பேசுவது விழுகிறது. அந்த இடத்தில் டக்கென்று நிறுத்திவிட்டாள்.

"என்ன கேட்டான்னு சொல்ல மாட்டேன். புத்தகத்தை இன்னிக்குத் திருப்பிக் கொடுக்கப் போறேன். வேணும்கிறவங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

உடனே மூன்று கைகள் உயர்ந்தன. ஏற்கெனவே படித்திருந்த பையன் ஒருவன், "எனக்குத் தெரியுமே! அந்தச் சமையல்காரன் இருக்கானே..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு கத்த, நூலகர் எழுந்து வந்துவிட்டார்!

அந்த நாவல் பிறந்ததே பலரோடு பகிர்ந்துகொண்டதால்தான். 1881-ல் ஸ்காட்லாந்தில் விடுமுறையைக் கழித்த ஸ்டீவன்சன், முதலில் ஒரு தீவின் படத்தைத்தான் வரைந்தார். கதை அதன் பிறகே வந்தது. அன்றன்று எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். கதையில் வரும் மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன சாமான்கள் இருக்க வேண்டும் என்று அவருடைய அப்பாவே உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தாராம்! 1883-ல் அது புத்தகமாக வந்தது.

காதைப் பொத்திய அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்கு ஒரு சைக்கிள் கடை ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை ஒவ்வொரு பாகமாக நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. புத்தகமாக ஐந்து பாகங்கள். எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு பிரதிதான்.

மூன்றாம் பாகமான 'கொலை வாள்' என்னிடம் இருந்தது. நான் படித்து முடித்ததும் அக்கா கேட்டாள். அக்காவிடமிருந்து அவள் தோழி வாங்கிப் போனாள். இப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. தேதிச் சீட்டை நான் பார்க்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் பஞ்சர். கடைக்கார அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "என்ன தம்பி படிக்கிறே இப்ப?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பொன்னியின் செல்வன் அண்ணே! மூணாம் பாகத்துல வந்தியத்தேவன்..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயையோ, சொல்லாதே சொல்லாதே!" என்று ஈரக் கையாலேயே காதை மூடிக்கொண்டார். "ரெண்டு பாகம் முடிச்சுட்டு ஒரு மாசமா அலையுறேன். தினமும் கடையைப் பூட்டினதும் லைப்ரரிக்கு ஓடறேன். எவனோ எடுத்துட்டுப் போயி திருப்பித் தரவே இல்லியாம்!"

எனக்கு வியர்த்துவிட்டது. 'அந்த எவனோ நான்தான்' என்று சொல்ல நா எழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அக்காவின் தோழி வீட்டுக்குப் போனேன். அபராதம் கட்ட உண்டியலை உடைக்க வேண்டியதாயிற்று. அன்றிரவு நூலகம் மூடுவதற்குள் புத்தகத்தைச் சேர்த்துவிட்டேன்.

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். அதிலிருந்துதான் புத்தகம் வாங்குகிறார்கள். அப்படியானால், நான் பூட்டி வைத்திருந்த புத்தகத்தில் அந்த அண்ணன் கொடுத்த காசும் இருந்திருக்கும்!

பத்து நாள் கழித்துத் தைரியம் வந்தது. "அண்ணே, மூணாம் பாகத்தை வச்சிருந்தது நான்தான்" என்றேன்.

"அது அன்னிக்கே தெரியும் தம்பி! மூணாம் பாகத்துக் கதையைச் சொல்ல வந்தவன், அதைப் படிக்காமலா சொல்ல வந்தான்?" என்று சிரித்தார்.

அதன் பிறகு அந்தக் கடைதான் எங்கள் மன்றம். அவருக்கு ஆழ்வார்க்கடியான் மேல் உயிர். எனக்குப் பூங்குழலி. நந்தினி நல்லவளா கெட்டவளா என்று நாங்கள் போட்ட சண்டையில், பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட நடுவராக உட்கார்ந்ததுண்டு. ஆனால் ஓர் ஒப்பந்தம்: மற்றவர் படிக்காத பக்கத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

நான்காம் பாகத்தை இருவரும் முடித்தோம். ஐந்தாம் பாகம் முதலில் அவர் கைக்குப் போனது. நான்கே நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஓடு, வேற யாராவது எடுத்துடப் போறாங்க" என்று என்னை விரட்டினார்.

"முடிவு எப்படி அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியிருந்தார். அவற்றை எடுக்காமலே தலையை ஆட்டினார். கடைசி வரை சொல்லவேயில்லை!