எந்தக் காயில் கருகியது?

கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வருகிறவர், "காயில் போச்சுங்க, கட்டிக் குடுங்க" என்பார். நல்ல மெக்கானிக் உடனே கூலி பேசமாட்டார். மூடியைக் கழற்றி, காயில் எங்கெங்கே கருகியிருக்கிறது என்று பார்ப்பார். மோட்டார் எதனால் எரிந்தது என்பது அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்டார் இணைப்பில் ஓடிய மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கருத்து, மூன்றாவது மட்டும் நிறம் மாறாமல் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. டெல்டா என்றால் நேர்மாறு: ஒன்று கருகும், இரண்டு தப்பும். ஃபியூஸ் ஒன்று போனாலும் ஓடுகிற மோட்டார் நிற்பதில்லை, அதுதான் ஆபத்து. முழு லோடைச் சுமக்க, மிச்சமுள்ள இரண்டு லைனிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்ட் இழுக்கிறது. வெப்பமோ கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஸ்டாரில் அந்த இரண்டு காயில்களும் மூன்று மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். நின்ற மோட்டாரை இந்த நிலையில் போட்டால் சுற்றாது, உறுமும். இரண்டு லைனை வைத்துச் சுழலும் காந்தப்புலம் உண்டாகாது.

எல்லாக் காயில்களும் ஒரே சீராகக் கருத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது பம்பு இறுகியிருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவு. வோல்டேஜ் 80 சதவீதமானால் முறுக்குவிசை 64 சதவீதமாகிவிடும். ஆனால் தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லையே, கரண்ட் ஏறுகிறது. காயில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டரின் உட்புறம் தேய்ந்து பளபளத்தால், பேரிங் போய் உள்ளே சுழலும் ரோட்டர் உரசியிருக்கிறது. காரணத்தைத் தீர்க்காமல் காயிலை மட்டும் கட்டினால், அதே மோட்டார் அதே கடைக்குத் திரும்பி வரும்.

காயில் கட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். 22 கேஜ் கிடைக்கவில்லை என்று 23 போடுகிறார்கள். 0.711 மி.மீ. கம்பி 0.610 ஆகிறது, பார்வைக்குத் தெரியாத வித்தியாசம்தான். ஆனால் செம்பின் குறுக்குப் பரப்பு கால்வாசிக்கு மேல் போய்விடும், மின்தடை 36 சதவீதம் ஏறும், சூடும் கூடும். இன்சுலேஷனின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கணக்கு.

இதைவிடக் கெடுதலான பழக்கம், பழைய காயிலை உருவுவதற்காக ஸ்டேட்டரையே நெருப்பில் போடுவது. ஸ்டேட்டரின் மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு எரிந்துபோனால், தகடுகளுக்குள் சுழல் மின்னோட்டம் பெருகி, இரும்பே சுட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எவ்வளவு அருமையாகக் காயில் கட்டினாலும் மின்சாரம் வீணாகும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தி ஒழுங்காகக் கட்டினால் திறன் குறைவதில்லை என்று அமெரிக்க, பிரிட்டிஷ் பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

டிரில், கிரைண்டர் போன்ற கைமெஷின்களிலும் காரணத்தைத் தேடாமல் விடும் இதே கதைதான். பிரஷ்ஷில் பொறி பறந்தால் புது கார்பன் வாங்கிப் போடுவது வழக்கம். கோளாறு உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் இருந்தால் புது கார்பனும் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆர்மேச்சரைக் குரோலர் என்ற காந்தச் சட்டத்தின் மேல் வைத்துச் சுற்றி, ஸ்லாட்டுகளின் மேல் ஒரு ஹேக்சா பிளேடைப் பிடித்தால் போதும். ஷார்ட்டான காயில் இருக்கும் இடத்தில் பிளேடு படபடவென்று அதிரும்.

1937-இலேயே சொந்த மோட்டார் செய்த கோவையும் அதைச் சுற்றிய ஊர்களும் கைத்திறனுக்குக் குறைவில்லாதவை. அந்தத் திறமைக்கு வாடிக்கையாளர்தான் வழிவிட வேண்டும். அடுத்த முறை மோட்டார் எரிந்தால், காயிலைப் பிரிக்கும் முன் காட்டச் சொல்லுங்கள். எந்த ஃபேஸ் கருகியது, பழைய கேஜ் என்ன, புதிய கேஜ் என்ன என்று கேளுங்கள். ஃபேஸ் போய்த்தான் எரிந்தது என்றால், மோட்டாரை மாட்டுவதற்கு முன் ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஒன்றை ஸ்டார்ட்டரில் பொருத்திவிடுங்கள்.