மாரா நதிக்கரையில்

டான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாசாய் மாராவுக்கும் இடையே, மழையையும் அது முளைப்பிக்கும் இளம்புல்லையும் பின்தொடர்ந்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மாட்டுமுக மான்கள், வரிக்குதிரைகள் புடைசூழ ஆண்டுதோறும் மேற்கொள்ளும் மகா யாத்திரையைக் காண்பதற்காகவே உலகின் நாலா திசைகளிலிருந்தும் பிரயாணிகள் வந்து குவிகிறார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை மந்தைகள் மாரா நதியைக் கடப்பது வழக்கம் என்றாலும், இன்ன நாள், இன்ன நாழிகை என்று எந்த வழிகாட்டியாலும் ஜோசியம் சொல்ல இயலாது.

புழுதி கிளப்பிக்கொண்டு கரைக்கு வந்து, குளம்புகள் சேற்றில் பதிய நீரை முகர்ந்து, எதையோ கண்டு மிரண்டு திரும்பியோடி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கும் அப்பிராணிகளில் ஏதோ ஒன்று திடீரெனப் பாய்ந்துவிட்டால், பிறகு முதலையாவது வெள்ளமாவது, மந்தை முழுவதும் பின்னால் குதித்துவிடும். முதலைகளின் கோரத்தையே எல்லோரும் வருணிக்கிறார்கள். ஆனால் பிரவாகத்திலும் நெரிசலிலும் மூழ்கி மடிபவை ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் அதிகம் என்பதும், அவ்வுடல்களே கழுகுகளுக்கும் மீன்களுக்கும் ஆகாரமாகின்றன என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட விஷயம்.

படமெடுக்கும் ஆவேசத்தில் ஜீப்புகள் கரையை அடைத்து மந்தையின் வழியை மறிப்பதும் உண்டு, அது அநியாயந்தான். அந்தச் சந்தடி வேண்டாதவர்கள், பிப்ரவரியில் தெற்கே என்டூட்டு சமவெளிக்குப் போனால், பிறந்த சில நிமிஷங்களிலேயே எழுந்து தாயோடு ஓடப் பழகும் கன்றுகளைக் காணலாம்.