ஆபரேஷனுக்கு முன்னாடி 4 வாரம் நடை!
புற்றுநோயாளியைக் கட்டிலில் போடாதீங்க

கூமாப்பட்டி:

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும். அன்றோடு அவருடைய நடமாட்டம் முடிந்தது!

"நீங்க பேசாம படுத்திருங்க, நாங்க பாத்துக்கிடுறோம்" என்று கட்டிலில் போட்டுவிடுகிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் இந்தப் பாசமே ஆளைக் கவிழ்த்துவிடலாம்!

படுத்தே கிடந்தால் தசை கரையும். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

251 பேரிடம் சோதனை

நெதர்லாந்து உள்ளிட்ட சில நாடுகளில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆபரேஷனுக்கு முன் 4 வாரம் உடற்பயிற்சி, சத்துணவு, மனத்தைரியம் கொடுத்தார்கள். முடிவு 2023-ல் வெளியானது.

பயிற்சி இல்லாதவர்களில் 100-க்கு சுமார் 30 பேருக்குக் கடும் சிக்கல். பயிற்சி செய்தவர்களில் 17 பேருக்குத்தான்!

என்ன செய்யணும்?

ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். மதுரைக்கு அலைவது, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை என்று எப்படியும் நாள் போகும். அந்த நாளை வீணாக்காமல் இருந்தாலே போதும்.

தினமும் நடக்கணும். மூச்சு கொஞ்சம் வாங்கணும், ஆனா பேச முடியணும். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதும் நல்ல பயிற்சிதான்.

மூன்று பந்து உள்ள மூச்சுக்கருவி கொடுப்பார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். தப்பு! மூச்சை உள்ளே இழுத்தால்தான் பந்து மேலே ஏறணும்.

முட்டை, பால், பயறு சேர்க்கணும். பீடி, சிகரெட்டை இன்றைக்கே விடணும்.

ரத்தசோகை, நெஞ்சுவலி, தலைசுற்றல், எலும்புக்குப் பரவிய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

இடமா இல்லை?

2025-ல் இன்ஸ்டாகிராம் பார்த்து வெளியூர்க்காரர்கள் கூமாப்பட்டித் தண்ணீரைத் தேடி வந்தார்கள். உள்ளூர் நோயாளி காலையில் கண்மாய்க்கரை வரை நடக்கக் காசு வேண்டாம். கூட ஒரு ஆள் துணைக்குப் போனால் சரி.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே "எழுந்து நடங்க" என்று டாக்டர் சொல்வார். முன்னாடியே நடந்து பழகிய காலுக்குத்தான் அது சுலபம்!