88 கோயில்கள், ஒரு பேருந்து – 4: முத்திரைப் பை

ஜப்பானின் ஷிகோகு தீவு யாத்திரைக் குழுவில் அதிகம் உழைப்பவர் யார்? ஓட்டுநருமில்லை, சூத்திரம் சொல்லித்தரும் வழிகாட்டியுமில்லை. தோளில் கனத்த பையோடு எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறாரே, டூர் கம்பெனிப் பெண், அவர்தான். பைக்குள் எங்கள் அத்தனை பேரின் முத்திரைப் புத்தகங்களும் இருக்கின்றன. நாங்கள் வாசலில் வணங்கி, கை கழுவி, பிரதான சன்னதியில் ஒருமுறை, கோபோ தைஷி சன்னதியில் மறுமுறை இதய சூத்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொரு புத்தகத்திலும் தூரிகை எழுத்தும் சிவப்பு முத்திரைகளும் விழுந்தாக வேண்டும். ஈரத்தோடு மூடினால் எதிர்ப்பக்கம் பாழ். சில கோயில்களில் மை உலர்த்த ஹேர் டிரையரே வைத்திருக்கிறார்கள்! மாலை 5 மணிக்கு முத்திரையிடும் ஜன்னல் மூடிவிடும். தவறவிட்டால் மறுநாள் திரும்பி வரவேண்டும். அப்புறம் முழுப் பயணமும் குலைந்துவிடும்.

பௌத்தத் துறவி கூகாய் என்ற கோபோ தைஷியின் (774–835) பெயரால் நடக்கும் இந்தச் சுற்று சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்தால் 40, 50 நாள் ஆகும்; பேருந்தில் 10, 12 நாள். 1953-ல் மத்சுயாமாவின் இயோ ரயில்வே குழுப் பேருந்தை ஓட்டத் தொடங்கியது. வயலையும் கடையையும் ஒன்றரை மாதம் போட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கும் அதன்பின் வழி திறந்தது. பேருந்தில் போவது யாத்திரையே ஆகாது என்பவர்கள் எங்கள் வண்டியில் ஒருநாள் ஏறிப் பார்க்கலாம். பெரும்பாலானோர் எழுபதைத் தாண்டியவர்கள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு எல்லாப் படியும் ஏறுகிறார்கள்.

வழிகாட்டியை 'செந்தாட்சு' என்கிறார்கள். குறைந்தது நான்கு முறை சுற்றி முடித்தவருக்குத்தான் அந்தப் பட்டம். நம் சபரிமலைக் குருசாமி போலத்தான், கண்டிப்பும் அதே அளவு. மெழுகுவர்த்தியைப் பின்வரிசையில், மேல்தட்டில் வை. முன்னால் வைத்தால் அடுத்து வருகிறவரின் கை சுடும். இன்னொருவர் சுடரிலிருந்து பற்றவைக்காதே. அவர் வினை உன்னிடம் வந்துவிடும். கிளம்பும்போது மணி அடிக்காதே. பாலத்தின் மேல் கோலை ஊன்றாதே. அடியில் தைஷி உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்தக் கடைசி விதியைப் பேருந்தில் வந்தவர்களும் மீறுவதில்லை.

ககுரின்ஜி கோயில் இருக்கும் மலைக்குப் பெரிய பேருந்து ஏறாது. அடிவாரத்தில் சிறிய வண்டிகளுக்கு மாறினோம். அடுத்த கோயிலான தைர்யூஜிக்கு 1992 முதல் ரோப்கார் ஓடுகிறது. 2,775 மீட்டர் தூரத்தைப் பத்தே நிமிடத்தில் கடக்கிறது. நடந்து வருகிறவர்கள் பயப்படும் ஏற்றம் கண்ணாடிக்குக் கீழே பச்சையாக நழுவியது. அந்த ஏற்றத்தை நடந்தே கடந்த நகாத்சுகாசா மொஹெய் என்பவர் 1866-ல் வீட்டை விட்டுக் கிளம்பி, 1922-ல் சாகும்வரை 280 முறை இந்தச் சுற்றை முடித்தவர். அவர் நட்ட வழிகாட்டிக் கற்கள் இன்றும் பாதையோரம் நிற்கின்றன. சன்னதியில் போடும் பெயர்ச்சீட்டு நான்கு சுற்று வரை வெள்ளை, ஐம்பது தாண்டினால் தங்கநிறம், நூறு தாண்டினால் சரிகைப் பட்டு. யாராவது பட்டுச்சீட்டு வைத்திருப்பதாகத் தெரிந்தால் எங்கள் பாட்டிமார் சூழ்ந்துகொள்வார்கள். அதைக் காப்பாக வைத்துக்கொள்வது வழக்கம்.

நமக்கும் இதில் ஓர் ஒட்டு உண்டு. கூகாயின் ஷிங்கோன் பிரிவு போற்றும் எட்டு குருமார்களில் வஜ்ரபோதியும் ஒருவர். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்லவர் காலத்துக் காஞ்சியில் தங்கி, பிறகு கடல்வழியே சீனா போனவர். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, ஹுய்குவோவிடம் 805-ல் பாடம் கேட்டவர் கூகாய். இதய சூத்திரத்தின் முடிவில் வரும் சமஸ்கிருத மந்திரத்தை ஜப்பானிய நாக்குகள் எத்தனை உருமாற்றினாலும் என் காதுக்கு அது புரிந்துவிடுகிறது. வழிகாட்டியிடம் காஞ்சியைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

23-ஆம் கோயிலான யாகுஓஜியை எட்டும்போது ஐந்தாக அரைமணிதான் இருந்தது. அங்கே பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி. கண்டம் என்று அவர்கள் அஞ்சும் வயதுகளின் கணக்கு அது. ஒவ்வொரு படியிலும் ஒரு நாணயம் வைத்து ஏறவேண்டும். நாணயம் தீர்ந்துபோனவர்கள் பக்கத்திலிருந்தவரிடம் கடன் வாங்கினார்கள். வழிகாட்டி "சீக்கிரம்" என்றார், யாரும் அசையவில்லை. பை மட்டும் படிகளைத் தாண்டித் தாண்டி மேலே போனது.

அடுத்த கோயில் முரோதோ முனையில், கடலோரமாக 75 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு மூன்று நாள், எங்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். வழியில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவார்கள் என்பதை இரவுச் சாப்பாட்டின்போதே அறிவித்துவிட்டார்கள்.

(தொடரும்)