வேம்பு எந்த மாதம் இலை உதிர்க்கும்?

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சென்ற ஆண்டு பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண் இழந்தாள். மரங்கள் எப்போது இலை உதிர்க்கும் என்பது கேள்வி. இலையுதிர் காலத்தில், அதாவது அக்டோபர், நவம்பரில் என்று எழுதியிருக்க வேண்டும். அவளோ, "எங்கள் வேப்பமரம் மார்ச்சில் உதிர்க்கிறது" என்று எழுதிவிட்டாள். சிவப்பு மையில் ஒரு சுழி. அவள் அப்பா நேரே என்னிடம் வந்தார். "ஞாயித்துக்கிழமை மரத்தடியில உட்கார வச்சீங்க சார், இப்ப மார்க் போச்சே!"

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டெல்லியில் ஒரு மார்க் என்ன பாடுபடுத்தும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு நான் சொன்ன விளக்கத்தை இம்மலரின் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

முப்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். மரம் என்றால் சுவரில் தொங்கும் சார்ட்தான். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்திணை சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பொடியன் கேட்டான்: "தாத்தா, மருதம்னா அது எப்படி இருக்கும்?" எனக்கே தெரியவில்லை. விசாரித்தால், ஜன்பத் சாலையில் வரிசையாக நிற்கிறதே, இந்திக்காரர்கள் அர்ஜுன் என்கிறார்களே, அதுதான் நம் நீர்மருது! எத்தனை வருஷம் அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். (திணைக்குப் பெயர் தந்தது இதுவா, பூமருதா என்ற வாதம் உண்டு. அதைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.) அடுத்த ஞாயிறு எல்லாரையும் அழைத்துப் போனேன். வெளுத்த பட்டை செதில் செதிலாக உரிவதைத் தொட்டுப் பார்த்தார்கள். கீழே கிடந்த காயில் ஐந்து இறக்கைகளை எண்ணினார்கள். அன்று ஒருவனும் "போர் அடிக்குது" என்று சொல்லவில்லை.

ஆனால் ஒருநாள் போய் வருவது பிக்னிக். பாடம் ஆக வேண்டுமானால் ஒரே மரத்திடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆளுக்கொரு மரம், வீட்டுக்குப் பக்கத்தில். நம் சர்க்கார் காலனிகளில் வேம்புக்குப் பஞ்சமில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று. துளிர், முதிர்ந்த இலை, பூ, காய் என்று கட்டங்கள். வாரம் ஒரு தடவை போய் ஒவ்வொன்றிலும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று எழுத வேண்டும். பத்து நிமிஷம் போதும். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடக்கும் 'சீசன்வாட்ச்' திட்டத்தின் வழியும் ஏறக்குறைய இதுவே. கூடவே ஓர் இலையை வரையச் சொன்னேன். படம் அழகாக வர வேண்டியதில்லை. வரைகிறவன்தான் உற்றுப் பார்ப்பான். "நடு நரம்புக்கு இந்தப் பக்கம் பெரிசா, அந்தப் பக்கம் சின்னதா இருக்கு தாத்தா" என்று அந்தச் சிறுமிதான் கண்டுபிடித்தாள். வேப்பிலையின் கோணலை முப்பது வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

அவள் நோட்டில் அக்டோபர் பச்சை, டிசம்பர் பச்சை, ஜனவரியும் பச்சை. மார்ச்சில்தான் மஞ்சளித்துக் கொட்டியது. கொட்டி முடிவதற்குள் செம்பு நிறத்தில் துளிர். குளிர் நாடுகளில் உறைபனிக்கு முன் இலையைக் கழித்துவிடுவது மரத்துக்குத் தற்காப்பு. டெல்லிக் குளிரில் மண் உறைவதில்லை. இங்கே மரத்துக்குச் சோதனை, கோடையின் வறட்சி. ஆகவே பழைய இலை அதற்குச் சற்று முன்னால் போகிறது. எல்லா மரமும் அப்படியல்ல. முள்ளிலவு குளிரிலேயே மொட்டையாகிவிடும். புத்தகத்துப் படம் பொய்யில்லை, வேறு ஊர்ப் படம்.

நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளைப் பாருங்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதை வைத்துப் பெயர் பெற்றது ஒன்றுமில்லை. 'இலையுதிர் காலம்' ஆங்கிலப் பாடத்தின் நிழலில் வந்தது என்பது என் எண்ணம். எங்கள் காலனித் தோட்டக்காரரைக் கேட்டேன். ஹோலியை ஒட்டித்தான் 'பத்ஜட்' என்றார், பெருக்குகிறவர் அவரல்லவா!

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு பாடம் சேர வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொல்கிறது. 2020-இன் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பையில்லாமல் வரச் சொல்கிறது. பத்து நாளில் மரம் என்ன மாறிவிடும்? வாரம் பத்து நிமிஷம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் எனக்கு அதிகச் சந்தோஷம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மரத்தின் பெயரை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். பெயர் தெரிந்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நோட்டை நீங்கள் நிரப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அதுவும் நடந்தது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த அப்பாவை மார்ச் முதல் ஞாயிறு வரச் சொன்னேன். ஸ்கூட்டர் சீட்டில் கிடந்த சருகைத் தட்டிவிட்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி சார், அடுத்த தேர்வுல இவ என்ன எழுதணும்?" தேர்வில் புத்தக விடை, நோட்டில் கண்ட விடை, இப்போதைக்கு இரண்டும் என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர் தலையசைத்தார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டையே மிஸ்ஸிடம் காட்டப் போகிறாளாம். இந்த வருஷம் நாவல் மரம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.