நிர்வாகக் கல்லூரித் தேர்வும் தவறுகளின் தணிக்கையும்

ஐ.ஐ.எம். நிலையங்களில் சேர ‘கேட்’ தேர்வு எழுதவிருக்கும் நம் அங்கத்தினர் வீட்டுப் பட்டதாரிகளுக்குச் சில வார்த்தை கூற விரும்புகிறோம்.

மொழித்திறன், தரவும் தர்க்கமும், கணிதம் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பிரிவில் மிஞ்சும் நேரத்தை மற்றொன்றுக்கு மாற்ற இயலாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 குறையும். குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியில் ஆதாயம் ஏதுமில்லை. பொருந்தாத ஒன்றையேனும் நீக்கிக் குறித்தால் சிறிது லாபமுண்டு.

ஆகவே, மாதிரித் தேர்வுகளைப் பெருக்குவது மட்டும் போதாது. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வது போல், ஒவ்வொரு தவறும் அறியாமையால் நேர்ந்ததா, அவசரத்தாலா, விடவேண்டிய வினாவை விடாததாலா எனக் குறித்து வருதல் வேண்டும். கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் சேருமுன் இப்பழக்கத்தைக் கைக்கொள்வது நலம்.