இந்தியக் கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு வெளிநாட்டில் என்ன மதிப்பு? உரிமம் பெறும் வழிகள்: ஒரு விளக்கம்

புது தில்லி: இந்தியாவில் ஐந்தரை ஆண்டுகள் பயின்று, கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்ற ஒருவர் அமெரிக்காவிலோ கனடாவிலோ சென்று இறங்கும் நாளில், அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் மருத்துவர் அல்லர். தம் பெயரில் ஒரு மருந்துச்சீட்டுகூட அவரால் எழுதித்தர இயலாது. மீண்டும் ஒரு முறை தேர்வுகளை எழுதி, அறுவைச் சிகிச்சை செய்து காட்டி, தாம் மருத்துவர்தாம் என்பதை அவர் நிறுவியாக வேண்டும். இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். பல லட்சம் ரூபாயும் செலவாகும். இந்த வழிமுறை எவ்வாறு அமைந்துள்ளது, எங்கே இடறல்கள் உள்ளன என்பதைப் பார்ப்போம்.

ஏன் நேரடி அங்கீகாரம் இல்லை?

இந்தியாவில் பி.வி.எஸ்சி. & ஏ.எச். பட்டப்படிப்பின் தரத்தை, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நிர்ணயிக்கிறது. ஓராண்டுக் களப்பயிற்சியும் படிப்பில் அடங்கும். நாடு முழுவதும் இப்பட்டம் செல்லும். ஆனால், அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் தரச்சான்று வழங்கிய கல்லூரிகளின் பட்டியலில் இந்தியக் கல்லூரி எதுவும் இல்லை. பிரிட்டனிலும் இந்தியப் பட்டத்தைக் கொண்டு நேரடியாகப் பதிவு பெற முடியாது. எனவே தனிநபர் ஒவ்வொருவரும் தம் திறனைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

அமெரிக்கா: நான்கு படிகள்

அமெரிக்காவில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது 'இசிஎஃப்விஜி' எனப்படும் சான்றிதழ் திட்டம். முதல் படியில் பட்டச் சான்றுகளும், இரண்டாம் படியில் ஆங்கிலத் திறனும் சரிபார்க்கப்படுகின்றன. மூன்றாம் படி, 225 வினாக்கள் கொண்ட அடிப்படை மற்றும் மருத்துவ அறிவியல் தேர்வு. இது கணினி வழித் தேர்வாகும்.

நான்காம் படிதான் கடினமானது. மூன்று நாள் நடைபெறும் மருத்துவச் செயல்திறன் தேர்வில் மயக்கவியல், அறுவைச் சிகிச்சை, கதிரியக்கப் படம், பிரேதப் பரிசோதனை, செல்லப்பிராணி மருத்துவம், குதிரை மருத்துவம், பண்ணை விலங்கு மருத்துவம் என ஏழு பிரிவுகள் உள்ளன. இத்தேர்வு ஒரு சில மையங்களில் மட்டுமே நடப்பதால் இடம் கிடைக்க நீண்ட காலம் காத்திருக்க நேரிடுகிறது. தேர்வுக் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் டாலர்.

இதற்கு மாற்றாக, மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் 'பேவ்' என்ற திட்டமும் உண்டு. எந்த வழியில் சென்றாலும், உள்நாட்டு மாணவர்கள் எழுதும் 360 வினாக்கள் கொண்ட 'நேவ்லி' உரிமத் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும். அதன் பின்னரே மாநில வாரியம் உரிமம் வழங்கும். ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது என்பதும் கவனிக்கத்தக்கது.

கனடாவிலும் ஏறக்குறைய இதே தேர்வுகள்தாம். கூடுதலாக, செயல்திறன் தேர்வுக்கு முன் அறுவைச் சிகிச்சைத் திறனைச் சோதிக்கும் முன்மதிப்பீடு ஒன்று நடத்தப்படுகிறது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாகாண அமைப்புகளிடம் உள்ளது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, வளைகுடா

பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரச கால்நடை மருத்துவர் கல்லூரியின் பதிவேட்டில் இடம்பெற்றவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம். இந்தியப் பட்டதாரிகள் அதற்கான சட்டப்பூர்வ உறுப்பினர் தேர்வில் தேற வேண்டும். ஆங்கிலத் திறன் தேர்வும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பின் அங்கிருந்து வரும் மருத்துவர்களின் எண்ணிக்கை சரிந்தது. இதனால் பிற நாட்டினருக்குத் தேவை கூடியுள்ளது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என இரு கட்டங்கள் உள்ளன.

வளைகுடாவின் களம் வேறு. அபுதாபியில் ராஜாளிகளுக்கென 1999-இலும், துபாயில் ஒட்டகங்களுக்கென 2017-இலும் தனி மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்ற அந்நாட்டு அமைச்சகத்தின் உரிமம் தேவை.

எங்கே தடுமாறுகின்றனர்?

இந்தியப் பட்டதாரிகளுக்கு அறிவுக் குறைவு ஒரு தடையன்று. பழகிய களம் வேறு என்பதே தடை. இங்கே பயிற்சியின் மையம் பசு, எருமை, ஆடு, கோழி. கிராமத்து மருந்தகத்தில் எக்ஸ்ரே கருவியோ ஆய்வகமோ இன்றி, கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் நோயறியும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அங்கே பெரும்பாலான பணி நாய், பூனை மருத்துவமனைகளில் உள்ளது. பல் சிகிச்சை, வாயு மயக்க மருந்து, காப்பீட்டு ஆவணங்கள், ஒவ்வொரு செலவையும் உரிமையாளரிடம் முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெறுதல் ஆகியவை அன்றாட வேலைகள். குதிரை மருத்துவத்தில் போதிய பயிற்சி பெறாமலேயே பட்டம் முடித்தவர்களும் உண்டு.

கருணைக்கொலை மற்றொரு சோதனை. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டங்கள் உள்ளன. நலிந்த மாட்டுக்கு இறுதிவரை வைத்தியம் பார்ப்பதே இங்குள்ள வழக்கம். அங்கே, குணப்படுத்த இயலாத பிராணியை வலியின்றி மரணிக்கச் செய்வது மருத்துவரின் வழக்கமான கடமைகளுள் ஒன்று. பாடநூலால் மட்டும் இதற்கு மனத்தைப் பழக்கிவிட இயலாது.

மறுபுறம், இந்தியர்களிடம் உள்ள அனுபவம் அங்கே அரிது. வெறிநாய்க்கடி நோய், கோமாரி, கருச்சிதைவு நோய் ஆகியவற்றை இங்குள்ளவர்கள் நேரில் கண்டவர்கள். பிரிட்டனில் 2001-இல் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் அழிக்கப்பட்டன. அங்குள்ள பல மருத்துவர்கள் அந்நோயை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தனர்.

உரிமம் பெற்ற பின்னும்...

தேர்வுகளில் வென்றதோடு தடைகள் முடிந்துவிடுவதில்லை என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வழக்கு ஒரு சான்று. அங்கே இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 13 கால்நடை மருத்துவர்கள், மாகாணக் கால்நடை மருத்துவச் சங்கம் தங்களை இன அடிப்படையில் பாகுபடுத்துவதாக முறையிட்டனர். நாட்டின் பிற பகுதிகளைவிட உயர்ந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்ச்சியை அச்சங்கம் நிர்ணயித்தது, தங்கள் மருத்துவமனைகளை ஆய்வு செய்த விதம், ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவை அவர்களது புகார்களாக இருந்தன.

பத்தாண்டுக்கும் மேல் நீண்ட போராட்டத்துக்குப் பின், 2015 அக்டோபரில் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் பாகுபாடு நிகழ்ந்ததை உறுதிசெய்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. விலங்குக்குச் சிகிச்சை அளிப்பவர் அதன் உரிமையாளரிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தேவை எங்கே முடிகிறது, உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அவ்வழக்கு எழுப்பியது.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

* மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலின் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றைப் பல நாடுகள் கோருகின்றன.

* எழுத்துத் தேர்வுகளை முடித்த பின் நாட்டை விட்டுப் புறப்படுவதே செலவைக் குறைக்கும் வழி.

* வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலையோ முனைவர் பட்டமோ பெற்றால் ஆய்வுப் பணிக்குச் செல்லலாம். ஆனால் அப்பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமத்துக்கு ஈடாகாது. இதை அறியாமல் செல்வோர் ஏமாற்றமடைகின்றனர்.

* உரிமம் கிடைக்கும் வரை பலர் மருத்துவமனைகளில் உதவியாளர்களாகப் பணியாற்றுகின்றனர். அந்த இடைக்காலத்துக்கான பணத்தையும் மனவுறுதியையும் முன்னரே திரட்டிக்கொள்வது நல்லது.

இழப்பு யாருக்கு?

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 53.58 கோடி கால்நடைகள் உள்ளன. பால் உற்பத்தியில் உலகின் முதலிடமும் இந்தியாவுடையதே. 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் தேவை என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-இலேயே பரிந்துரைத்தது. ஆயினும் பல மாநிலங்களில் அரசு மருத்துவர் பணியிடங்கள் காலியாகவே உள்ளன. '1962' என்ற உதவி எண்ணை அழைத்தால் வீட்டுக்கே வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகளும், மருத்துவர் இருந்தால்தான் ஓடும்.

அதே வேளையில், எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்களுக்கு இணையான உதவித்தொகை கோரி, கால்நடை மருத்துவ மாணவர்கள் பல மாநிலங்களில் போராடியுள்ளனர். படித்தவர்கள் ஏன் வெளியேறுகின்றனர் என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அங்கே உள்ளது. கடல் கடந்து செல்வது ஒவ்வொருவரின் உரிமை. எனினும், வளர்ப்பவரின் ஒரே சொத்தான எருமை நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும்போது, ஓடிவர ஒரு மருத்துவர் உள்ளூரில் இருக்க வேண்டும். அந்தப் பணிக்கு உரிய ஊதியமும் மதிப்பும் இங்கேயே கிடைத்தால், வெளிநாட்டுப் பயணம் வேறு வழியின்றி எடுக்கும் முடிவாக அல்லாமல், விரும்பி எடுக்கும் முடிவாக அமையும்.